படிப்படியாகக் கூட்டவும்

பிரேமிளாவுக்கு முகத்தில் மங்கு விழுந்து ஒன்பது வருஷம். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்த காலத்தில் இரண்டு கன்னத்திலும் தேத்தண்ணீர் சிந்திக் காய்ந்த கறைபோல வந்தது. பிள்ளை பிறந்தால் போய்விடும் என்றார்கள். பிள்ளை பிறந்து, நடந்து, பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, இப்போது ஏழாம் வாய்பாட்டில் தடுக்கி நிற்கிறான். மங்கு அப்படியே இருந்தது.

அவளுக்கு அதைப் பற்றிப் பெரிய துக்கம் கிடையாது. மற்றவர்களுக்குத்தான் இருந்தது. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஹலீம் ஹாஜியாரின் புடவைக் கடையில் பதினெட்டு வருஷமாகக் கல்யாணச் சாரிப் பகுதியில் நிற்கிறவள் அவள். சாரி பார்க்க வருகிற பெண்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கடலைமா, பன்னீர், உருளைக்கிழங்குச் சாறு, பழுத்த பப்பாசி. ஒரு தாய், மகளின் கூறைச்சாரியை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பிரேமிளாவின் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்து, "சாயம் போகாதா?" என்று கேட்டாள். சாரியைக் கேட்கிறாள் என்று நினைத்து, "போகாதுங்க, கியாரண்டி" என்றாள் பிரேமிளா.

ஒன்பது வருஷ அறிவுரை ஆளைக் களைக்க வைத்துவிடும். அந்தக் களைப்பில்தான் அவள் அந்தத் தோல் வைத்திய நிலையத்துக்குப் போனாள்.

வழி சொன்னவள் ரிஸ்னா. அதே கடையில் குழந்தைகள் உடுப்புப் பகுதியில் வேலை செய்கிற அக்குறணைப் பெண். சிங்கள மொழியில் படித்தவள்.

"பிலிமத்தலாவ போற ரோட்டுல ஒரு நிலயம் ஈக்கிதுக்கா. எங்கட மாமிக்கி அங்கதான் முகம் சரியாகின. டியூப் ஒண்டு குடுப்பாங்க. செலவும் இல்ல. போய்ப் பாருங்களே."

வியாழக்கிழமை பிரேமிளாவுக்கு விடுமுறை. பஸ் ஏறிப் போனாள். நிலையத்தின் பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் இருந்தது. தமிழில், 'மத்திய மலைநாட்டுத் தோள் நல மேம்பாட்டு நிலையம்' என்று எழுதியிருந்தது. ஓர் எழுத்துதான் மாறியிருந்தது. அந்த ஓர் எழுத்தை நம்பி, கொழுந்துக்கூடை சுமந்து தோள் பிடித்துக்கொண்ட தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர் சுவரோரம் இருந்த நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையும் பதிந்துகொண்டிருந்தார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அந்த நிலையத்தில் இல்லை.

மருத்துவர் பிரேமிளாவின் கன்னத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். ரெட்டினோல் என்று எழுதினார். எப்படிப் பூசுவது என்று சிங்களத்தில் கேட்டாள். எல்லாம் துண்டுப்பிரசுரத்தில் இருக்கிறது, அதன்படி செய்தால் போதும் என்று அவரும் சிங்களத்தில் சொல்லிவிட்டு மணியை அடித்தார்.

மருந்து கொடுக்கும் இடத்தில் துஷானி என்ற பெண் இருந்தாள். டியூபையும் தமிழ்த் துண்டுப்பிரசுரத்தையும் தள்ளினாள். பிரேமிளா அதைப் புரட்டிப் பார்த்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று, "சிங்களத்துல உள்ளதும் ஒண்ணு தாங்களேன்" என்றாள்.

"ஒங்க பேரு தமிழ்ப் பேரு. தமிழ்லதான் குடுக்க முடியும்."

"எங்க வீட்டுல ரெண்டும் வாசிப்பாங்க."

"சொந்த மொழியில வாங்குறது ஒங்க உரிமைங்க. ஒங்க உரிமைய மீற எங்களுக்கு அதிகாரம் இல்ல" என்றாள் துஷானி. அதை மனப்பாடம் செய்திருந்தாள் என்பது தெரிந்தது.

துண்டுப்பிரசுரம் வழவழப்பான தாளில் அச்சாகியிருந்தது. மேலே நிலையத்தின் மகுட வாசகம்: 'படிப்படியாக, பாதுகாப்பாக.' கீழே, 'கடலை அளவு ரெட்டினோல் களிம்பை இரவில் இரு தடவை ஒரு கிழமை பூசுக. பின்னர் படிப்படியாகக் கூட்டவும். காலையில் தவறாது சூரியத் திரை இடுக.' அதற்கும் கீழே, தமிழாக்கம்: மும்மொழி இணைப்பாளர், பொன்னுத்துரை.

பிரேமிளா சொன்னதைச் செய்கிற ஆள். சுண்டல் கடலை ஒன்றை எடுத்துவைத்து அளவு பார்த்தாள். தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, படுக்கப்போகும்போது ஒரு தடவை பூசினாள். காலையில் சூரியன் வருகிற ஜன்னலில் பழைய வொயில் சாரியை இரண்டாக மடித்துத் திரையாகக் கட்டினாள். மாநகரசபையில் வேலை செய்கிற அவள் கணவன் யுகேஷ் அந்த இருட்டில் சவரம் செய்து தாடையை இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டான்.

"இது எதுக்கு?"

"டொக்டர் சொன்னது. முகத்துல வெயில் படக்கூடாதாம்."

"பஸ்ஸுக்கு நடந்து போறப்ப?"

அதைப் பற்றித் துண்டுப்பிரசுரத்தில் ஒன்றும் இல்லை.

நாலாம் நாள் முகம் இழுத்துப் பிடித்தது. ஆறாம் நாள் சிவந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தாள். ஏழு நாளில் ஒரு கிழமை முடிந்ததும், எழுதியிருந்தபடி, இரண்டு தடவையை மூன்றாகக் கூட்டினாள். ஒன்பதாம் நாள் காலையில் வாயைத் திறக்கும்போது உதட்டோரம் வெடித்தது. கன்னத்துத் தோல் வெங்காயச் சருகுபோல உரிந்து வந்தது. தண்ணீர் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது.

ஹலீம் ஹாஜியார் கல்லாவில் இருந்து எழுந்தே வந்துவிட்டார். "மகள், ஒங்களுக்கு என்ன நடந்த?"

"மருந்து பூசினேன் முதலாளி."

"மருந்தா, அடுப்புல முகத்த வெச்சீங்களா?" என்றார். நல்ல மனிதர். அதனால்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லச் சிரமப்பட்டார். கல்யாணக் காலம் தொடங்கிவிட்டது, பெண் வீட்டுக்காரர்கள் சகுனம் பார்க்கிறவர்கள் என்று சுற்றிச் சுற்றி வந்து, "முகம் சரியாகுற வரைக்கும் மேல ஸ்டோர்ல நில்லுங்க" என்று முடித்தார். கல்யாணச் சாரிப் பகுதிக்கு தர்ஷனா என்று ஒரு பெண்ணை இறக்கினார்கள். இருபத்திரண்டு வயது, முகத்தில் ஒரு புள்ளி கிடையாது. பிரேமிளா மாடியில் பெட்டிகளுக்கு நடுவே நின்று, கீழே தர்ஷனா பனாரஸைக் காஞ்சிபுரம் என்று விற்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ரிஸ்னா மாடிக்கு ஏறி வந்தாள். கையில் மாமியிடமிருந்து வாங்கி வந்த சிங்களத் துண்டுப்பிரசுரம்.

"அக்கா, நீங்க எப்பிடிப் பூசின?"

பிரேமிளா சொன்னாள். ரிஸ்னா தாளைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"இதுல செல்லி ஈக்கிறது வேற. ஒரு பட்டாணி அளவு. கிழமக்கி ரெண்டே ரெண்டு ராவு. ஒரு மாசம் அப்பிடிப் பூசி, தோல் தாங்கினா மட்டும் ஒண்டுவிட்ட ஒரு நாள். மேலால கிறீம் பூசணும். காலையில சன்கிறீம்."

"சூரியத் திரைன்னா?"

"சன்கிறீம்தான்."

பிரேமிளா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ, ஜன்னலில் கட்டிய சாரியை இன்று அவிழ்க்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும்தான்.

அடுத்த வியாழக்கிழமை நிலையத்துக்குப் போனாள். முறைப்பாட்டுப் படிவம் ஒன்றைத் துஷானி கொடுத்தாள். முறைப்பாட்டாளரின் முழுப் பெயர். பாதிக்கப்பட்ட உறுப்பின் முழுப் பெயர். உறுப்பு தற்போது சேவையில் உள்ளதா. பிரேமிளா நிரப்பினாள். அண்மையில் எடுத்த புகைப்படம் இணைக்க வேண்டும் என்று இருந்ததால் கைப்பையில் கிடந்த ஒன்றைக் கொடுத்தாள். துஷானி படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது ஒங்கள மாதிரி இல்லையே."

"அதுக்குத்தாங்க முறைப்பாடு."

"மொகம் ஒத்துவராம எடுக்க ஏலாதுங்க. மொகம் சரியானதும் கொண்டுவாங்க."

"சரியானதுக்கு அப்புறம் எதுக்கு முறைப்பாடு?"

துஷானிக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. கடைசியில், பேசிப் பார்க்கட்டும் என்று மும்மொழி இணைப்பாளரின் அறையைக் காட்டினாள்.

பொன்னுத்துரை அறுபத்தாறு வயதுக்காரர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, திணைக்களம் திணைக்களமாக முப்பத்திரண்டு வருஷம் மொழிபெயர்த்து, ஓய்வு பெற்று, ஒப்பந்தத்தில் மறுபடி வந்தவர். அறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஓர் அலுமாரி நிறைய அகராதி. பிரேமிளா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு துண்டுப்பிரசுரத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

"இதிலை ஒரு எழுத்துப் பிழை காட்டுங்கோ பாப்பம்."

"எழுத்துல பிழை இல்லீங்க சேர். மொகத்துலதான்."

"முகம் என்ரை பிரிவு இல்லைப் பிள்ளை."

"கிழமைக்கு ரெண்டு ராத்திரின்னு இருக்கணுமாம். இதுல ஒரு ராத்திரிக்கு ரெண்டு வாட்டின்னு இருக்கு."

"இரவில் இரு தடவை, ஒரு கிழமை. மூண்டும் இருக்கு. வாசிக்கிற ஆக்கள் ஒழுங்கைச் சரியா எடுக்கோணும். முதல் அச்சிலை 'கிழமைக்கு' எண்டுதான் கிடந்தது. இடம் காணாது எண்டு அச்சுப் பகுதி 'ஒரு கிழமை' ஆக்கிப்போட்டினம். நான் கையெழுத்து வைச்சனான். இலக்கணப்படி அதுவும் சரி."

"சூரியத் திரைன்னு போட்டிருக்கீங்க. சன்கிறீம்னு போட்டிருந்தா எங்க ஊரு மஹியாவைல சின்னப் பிள்ளைக்கும் வெளங்கியிருக்கும்."

"சன்கிறீம் தமிழே?"

"தமிழ் இல்லீங்க. ஆனா கடையில கேட்டா குடுப்பாங்க."

பொன்னுத்துரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைக்காரனுக்காக மொழிபெயர்க்கேலாது பிள்ளை. நாங்கள் எழுதுறது நூறு வருசத்துக்கு நிக்கோணும்."

"நின்னுச்சுங்க சேர். எங்க வீட்டு ஜன்னல்ல."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் விஷயத்தை நிலையத்தை நடத்தும் பணிப்பாளருக்கு எழுதி அனுப்பினார். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பதினெட்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. துண்டுப்பிரசுர மீளாய்வுக் குழு அமைக்கப்பட்டிருப்பதாகவும், பயனாளிகள் பிரதிநிதியாக அவளை அழைப்பதாகவும் எழுதியிருந்தது. பிரேமிளா அரைநாள் லீவு கேட்டாள். மாடியில் நிற்கிறவளுக்கு லீவு கொடுப்பதில் ஹாஜியாருக்குச் சிரமம் இருக்கவில்லை. அது அவளுக்கு வலித்தது.

குழுவில் பணிப்பாளர், சட்ட அதிகாரி, அச்சுப் பகுதியைச் சேர்ந்த அஸ்ஃபர், பொன்னுத்துரை ஆகியோர் இருந்தார்கள். பணிப்பாளர் சிங்களத்தில் பேச, பொன்னுத்துரை தமிழில் சொன்னார். பிரேமிளாவுக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆகவே எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"எமது நிலையத்தின் தத்துவம் படிப்படியான அறிமுகம்" என்று பணிப்பாளர் தொடங்கினார். "தோல் உயிருள்ள உறுப்பு. பழக்கமில்லாத ஒன்றைத் திடீரென்று கொடுத்தால் அது சிவக்கும், எரியும், உரியும். இதை நாம் உலகத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படியிருக்க, நாமே அந்தத் தவறைச் செய்யலாமா? எமது தமிழ்ப் பயனாளிகள் மூன்று வருடமாக இந்தத் துண்டுப்பிரசுரத்துக்குப் பழகியிருக்கிறார்கள். ஒரே நாளில் முழுக்கச் சரியான ஒன்றைக் கையில் கொடுத்தால் அவர்களுக்கு வரக்கூடிய எரிச்சலுக்கு யார் பொறுப்பு? எனவே ஒரு தடவைக்கு ஒரு சொல். இரண்டு கிழமை அவதானிப்போம். தாங்கிக்கொண்டால் அடுத்த சொல்."

சட்ட அதிகாரி தலையாட்டினார். இது பாதுகாப்பான வழி என்றார்.

"அதுவரைக்கும் புதுசா வர்றவங்களுக்கு?" என்று கேட்டாள் பிரேமிளா.

"இப்போது இருப்பதே கொடுக்கப்படும். ஒன்றும் கொடுக்காமல் விட்டால் அது மொழி உரிமை மீறல்."

"மூணு வருஷமா வேற ஒருத்தரும் முறைப்பாடு செய்யலீங்களா?"

பணிப்பாளர் கோப்பைப் புரட்டினார். "நாற்பத்தொரு பேர் முயன்றிருக்கிறார்கள். படிவத்தை ஒருவரும் சரியாக நிரப்பவில்லை" என்றார். மக்களின் எழுத்தறிவு பற்றிச் சிறிது கவலைப்பட்டார்.

முதல் சொல்லாக எதைத் திருத்துவது என்ற பேச்சு வந்தது. 'ஒரு கிழமை' என்பதை எடுத்துக்கொள்ளலாம் என்றாள் பிரேமிளா. அது இரண்டு சொல் என்றார் பொன்னுத்துரை. முக்கியத்துவ வரிசைப்படி முதலில் வருவது மருந்தின் பெயர் என்பதால் அதிலிருந்து தொடங்கத் தீர்மானமாயிற்று. அதுவரை 'ரெட்டினோல்' என்று இருந்தது. 'றெற்றினோல்' என்று இருக்க வேண்டும் என்றார் பொன்னுத்துரை. தன்னுடைய எழுத்துருவில் இரண்டு றகரம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும் என்றான் அஸ்ஃபர். அந்த அமர்வு அத்தோடு முடிந்தது. அடுத்த அமர்வும் அதிலேயே போயிற்று. மூன்றாம் அமர்வில் புதிய எழுத்துரு வாங்கப்பட்டிருந்தது. முதலாம் திருத்தப் பதிப்பு வெளிவந்தது. 'கடலை அளவு றெற்றினோல் களிம்பை இரவில் இரு தடவை ஒரு கிழமை பூசுக.' இரண்டு கிழமை அவதானித்தார்கள். திருத்தத்தால் எவருக்கும் எரிச்சல் ஏற்பட்டதாக முறைப்பாடு வரவில்லை என்று அறிக்கையில் எழுதினார்கள்.

மூன்றாம் அமர்வு முடிந்து வெளியே வந்தபோது, வாங்கில் ஒரு பெண் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெயர் பரிமளம். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவள். கையில் அதே டியூப்.

"மொகத்துக்கா?" என்று கேட்டாள் பிரேமிளா.

"இல்லக்கா, தோளு வலி. போர்டப் பார்த்துட்டு வந்தேன். இதக் குடுத்தாங்க." சட்டையைக் கழுத்தோரம் விலக்கிக் காட்டினாள். தோள் முழுக்கச் சிவந்து உரிந்திருந்தது. "ராவுக்கு ரெண்டு வாட்டி பூசுனேன். தோலு கழண்டுருச்சு. வலி மட்டும் போகல. கூடைக் கயிறு பட்டா உசுரு போகுது. கூட்டிப் பூசணும்னு போட்டிருக்கே, எத்தன வாட்டி வரைக்கும் கூட்டுறதுன்னு கேக்க வந்தேன்."

பிரேமிளா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூசுவதை இன்றோடு நிறுத்தச் சொன்னாள். சவர்க்காரம் போடாமல் தண்ணீரில் கழுவி வாஸ்லின் தடவச் சொன்னாள். இது முகத்துக்குரிய மருந்து, தோளுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எந்த பஸ் என்பதையும் சொன்னாள். அதற்குள் சுற்றி இருந்த மூன்று பெண்களும் தங்கள் துண்டுப்பிரசுரங்களை நீட்டினார்கள். அவள் பேனாவை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் எழுதினாள். 'கிழமைக்கு ரெண்டு ராத்திரி மட்டும். ஒரு பட்டாணி போதும். மேல கிறீம் பூசுங்க. காலையில சன்கிறீம். எரிஞ்சா நிப்பாட்டுங்க. வயித்துல பிள்ளை இருந்தா பூசவே வேணாம்.' கடைசி வரியை ரிஸ்னா சிங்களத் தாளின் அடியில் இருந்து வாசித்துக் காட்டியிருந்தாள். தமிழில் அது இடம் போதாமல் விடுபட்டிருந்தது.

அதன் பிறகு வியாழக்கிழமை காலையில் அவள் அந்த வாங்குக்குப் போகத் தொடங்கினாள். யாரும் சொல்லிப் போகவில்லை. வீட்டில் துணி தோய்க்க இருந்தது, மகனுக்கு ஏழாம் வாய்பாடு இருந்தது. ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பாள். ஒரு காலைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர்.

ஐந்தாவது வியாழனில் துஷானி தலையைக் குனிந்துகொண்டு ஒரு கடித உறையைக் கொடுத்தாள். அங்கீகாரம் பெறாத வாய்மொழிப் பெயர்ப்பில் ஈடுபட்டமை. நிலையத்தின் ஆவணங்களில் எளிதில் விளங்கக்கூடியவாறு எழுதியமை. நோயின்றி வாங்கில் அமர்ந்தமை. மூன்று குற்றங்களுக்கும் பதினான்கு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.

"நான் கொஞ்ச நேரம் டீ குடிக்கப் போவேன். அந்த நேரம் பாத்து எழுதியிருக்கலாமேக்கா" என்றாள் துஷானி. குரலில் குற்றச்சாட்டு இல்லை. வருத்தம்தான் இருந்தது.

விளக்கத்தைப் பொன்னுத்துரையிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். அவருடைய அறைக்குள் போனபோது ஜன்னல் சாத்தியிருந்தது. அவர் முகத்தில் முகக்கவசம் போட்டு, அதற்கு மேல் ஒரு லேஞ்சித் துணியும் கட்டியிருந்தார். கண்ணைச் சுற்றிச் செதில் செதிலாக இருந்தது. பிரேமிளாவுக்கு அந்தச் செதில் தெரியும்.

"சேர், பூசினீங்களா?"

"இருங்கோ பிள்ளை." அவர் வாயை அதிகம் அசைக்காமல் பேசினார். "தமிழ் சரி எண்டு நான் சொன்னனான்தானே. சொன்னால் ஒப்புவிக்கோணும். அதிலை எழுதின மாதிரியே பூசினன். பத்து நாள்."

"நாலாம் நாளே தெரிஞ்சிருக்குமே."

"ஓம். நாலாம் நாள் தெரிஞ்சது." துண்டுப்பிரசுரத்தின் கடைசி வரியை விரலால் தொட்டார். "கீழை என்ரை பேர் கிடக்குது பிள்ளை. அதைப் பாத்து பாத்துப் பூசினன்."

பிரேமிளாவுக்கு அவர்மேல் ஆத்திரப்பட இடம் இருந்தது. அவளுடைய கல்யாணச் சாரிப் பகுதி போனது அவரால்தான். ஆனால் எதிரில் உரிந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாஸ்லின் தடவச் சொன்னாள். லேஞ்சியை அவிழ்த்துவிடுங்கள், உராய்ந்தால் இன்னும் உரியும் என்றாள். அவர் அவிழ்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார்.

"வாங்கிலை இருந்து எழுதிக் குடுக்கிறியளே, அதைச் சொல்லுங்கோ. நான் எழுதுறன்."

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கிழமைக்கு இரண்டு இரவு. ஒரு பட்டாணி. எரிந்தால் நிறுத்துங்கள். ஒவ்வொன்றையும் எழுத்துத் தமிழில் திருத்தினார். ஆனால் அர்த்தத்தைத் தொடவில்லை. ஓரிடத்தில் பேனா நின்றது.

"சன்கிறீம் எண்டே போடுறதோ?"

"போடுங்க சேர்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். எழுதினார். பத்து நாள் ரெட்டினோல் தராத வேதனை அந்த ஐந்து எழுத்தில் இருந்ததுபோலத் தெரிந்தது.

ஒவ்வொரு சொல்லாகத் திருத்தும் திட்டத்தை அவர்தான் உடைத்தார். முறைப்பாட்டுப் படிவம் ஒன்றை எடுத்து, உரிந்த முகத்தோடு அன்றே எடுத்த புகைப்படத்தையும் இணைத்து, ஒரு பிழையில்லாமல் நிரப்பினார். நிலையத்தின் சரித்திரத்தில் முதல்முறையாகச் சரியாக நிரப்பப்பட்ட படிவம் அது. உத்தியோகத்தர் ஒருவரே பாதிக்கப்பட்டிருப்பதால் இது அவசர விடயம் என்றார் சட்ட அதிகாரி. பிரேமிளா சொல்ல அவர் எழுதிய தாள் முழுதாக அச்சுக்குப் போயிற்று. பிரேமிளாவின் மூன்று குற்றங்களும் எவரும் மன்னிக்காமலே கோப்புக்குள் போயின.

இதற்கிடையில் அவள் முகம் தானாகவே ஆறியது. மங்கு பழையபடி இருந்தது. கடையிலும் ஒரு நாள், மூத்த மகளுக்குப் பிரேமிளாவிடம் கல்யாணச் சாரி எடுத்த கைரியா என்ற மாத்தளைக்காரி, இளைய மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, தர்ஷனா விரித்த எட்டுச் சாரியையும் தள்ளிவிட்டு, "பழைய ஆள் எங்க?" என்று கேட்டாள். மேலே என்றார்கள். அவள் படியேறி மாடிக்கே வந்து, பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சாரி எடுத்தாள். மறுநாள் ஹாஜியார், மேலே மின்விசிறி சரியில்லை, அங்கே நிற்க வேண்டாம் என்று பிரேமிளாவிடம் சொன்னார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது. அவள் கீழே இறங்கினாள். வந்த முதல் வாடிக்கைக்காரி சாரியைப் பார்க்கும் முன்பே, மங்குக்குக் கற்றாழை நல்லது என்றாள்.

புதிய துண்டுப்பிரசுர வெளியீட்டு விழா ஒரு வியாழக்கிழமை நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். மூன்று மொழியிலும் வரவேற்புரை இருந்தது. பணிப்பாளர் பேசினார். "இந்த வெற்றிக்குக் காரணம் எமது படிப்படியான அணுகுமுறை. மூன்று வருடம் பொறுமையாகத் தவறான துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்திராவிட்டால், சரியானது எது என்பதை நாம் அறிந்திருக்க முடியாது. எமது இணைப்பாளர் இதற்காகத் தன் முகத்தையே அர்ப்பணித்தார். நாற்பத்திரண்டு பயனாளிகளும் தங்கள் தோலால் பங்களிப்புச் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கும் எமது நன்றி உரித்தாகட்டும்." தமிழில் சொல்லும்போது பொன்னுத்துரை 'உரித்தாகட்டும்' என்ற இடத்தில் சற்றுத் தயங்கி, 'எமது நன்றி' என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பிரேமிளாவுக்கு மேடையில் முதல் பிரதியைக் கொடுத்தார்கள். கீழே இறங்கி நின்று வரி வரியாக வாசித்தாள். ஒரு பிழை இல்லை. சன்கிறீம் சன்கிறீமாகவே இருந்தது. தமிழாக்கம் என்ற இடத்தில் பெயர் எதுவும் போடப்படவில்லை. பொன்னுத்துரை தூரத்தில் பட்டிஸ் பலகாரத் தட்டோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையை அசைத்தாள். அவர் அதன் பிறகுதான் பட்டிஸைக் கடித்தார்.

தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்டாள். மருந்து கொடுக்கும் இடத்தில் வழக்கத்தைவிட நீண்ட வரிசை. துஷானி ஆளுக்கொரு புதிய துண்டுப்பிரசுரமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேறொன்றும் கொடுக்கவில்லை.

"டியூப் எங்கங்க?" என்று கேட்டாள் பிரேமிளா.

"முடிஞ்சு மூணு கிழமையாச்சுக்கா. டெண்டர்ல ஏதோ சிக்கலாம்." துஷானி குரலைத் தாழ்த்தினாள். "மொதல்ல இத வாசிச்சுப் பழகச் சொல்லி ஓடர் வந்திருக்கு. மருந்து படிப்படியா வருமாம்."

வாங்கில் இடம் இருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்ததால் பிரேமிளா உட்கார்ந்தாள். பக்கத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி துண்டுப்பிரசுரத்தை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டிலும் மங்கு. கம்பளையில் இருந்து விடிய முதல் பஸ்ஸில் வந்ததாகச் சொன்னாள்.

"கண்ணாடி கொண்டுவரல தங்கச்சி. இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

பிரேமிளா கைப்பைக்குள் பேனாவைத் தேடினாள். பிறகு கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்குங்க" என்றாள்.